அம்மாவின் மரண அறிவித்தலில் இல்லாத பெயர்

வலைப்பூ எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்பதை ஒருமுறையேனும் உண்மையாகச் சொன்னதில்லை. விசுவாசத்தைப் பகிர்வதற்காக என்று முகப்பில் போட்டிருக்கிறேன். அது அரைப் பொய்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கணினியின் முன் இருப்பேன். அன்றைய நற்செய்தியைப் பற்றி இரண்டு பந்தி, கீரிக் கடற்கரையில் கண்ட எதையாவது பற்றி ஒரு பந்தி, கடைசியில் என்னுடைய ஏதோ ஒரு சின்னப் பாவம். பொழுதுபடுவதற்குள் கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ‘ஆமென்’ வந்து விழும். ‘உங்கள் தாழ்ச்சி எங்களைத் தொடுகிறது ஐயா’ என்பார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பங்குச் சுவாமி திருப்பிக் கேட்பார்: யாருக்குச் செய்தீர்கள், அவரிடம் போனீர்களா? வலைப்பூ கேட்காது. எந்தப் பாவத்தை, எவ்வளவு, எந்தச் சொல்லில் சொல்வது என்று நானே தீர்மானிக்கலாம். மன்னிப்பு அன்றைக்கே கிடைத்துவிடும். அதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் சவப்பெட்டிக்குச் சொல்லும்போதே மரண அறிவித்தலுக்கும் என்னிடம் ஆள் வரும். படிப்பித்தவன், பங்குச் சபையின் செயலாளராக இருந்தவன், பிழையில்லாமல் எழுதுவேன் என்று பெயர். யாருடைய மனைவி, யார் யாருடைய தாயார், யாருடைய மாமியார் என்று வரிசை பிசகாமல் போடவேண்டும். பிள்ளைகள் பிறந்த ஒழுங்கில் வரவேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர். அச்சடித்து, சந்தியிலும் கோயில் மதிலிலும் மின்கம்பங்களிலும் ஒட்டுவார்கள். அதில் பெயர் இல்லாதவர் அந்த வீட்டுக்கு உறவே இல்லை என்றாகிவிடும்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது அவருடைய அறிவித்தலையும் நானே எழுதினேன். அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள்; மூத்தவன் நான். நான் நாலு பெயர் போட்டேன்.

விட்ட பெயர் எனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சியினது. மன்னாரில் மீன் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிமைக் கலியாணம் செய்து, அவருடைய மார்க்கத்துக்கும் போனவள். அம்மா அவளை விடவில்லை. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். விட்டவன் நான்தான். அப்போது செயலாளராக இருந்த எனக்கு ஊர் என்ன சொல்லும் என்பதே பெரிதாக இருந்தது. அறிவித்தலைப் பார்த்த சுவாமி, “எல்லாப் பிள்ளையளின்ர பேரும் இருக்குதோ?” என்று கேட்டார். “ஓம் சுவாமி,” என்றேன். அம்மாவின் பெட்டி பக்கத்தில் இருந்தது.

அவள் அடக்கத்துக்கு வரவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர்களிடம், “பாத்தியளோ, பெத்த தாயின்ர முகத்தைப் பாக்கவும் வரேல்ல,” என்று நானே சொன்னேன். அதோடும் நிற்கவில்லை. போன வருடம் அம்மாவின் ஆண்டு நினைவுக்கு வலைப்பூவில் ஒரு கட்டுரை எழுதினேன். ‘வராமல் போன பிள்ளைக்காகவும் அம்மா மோட்சத்தில் இருந்து மன்றாடுகிறாள்’ என்று முடித்தேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் வாசித்தது அதுதான். கண்ணீர் வந்தது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அவற்றை இரண்டு மூன்று தரம் எடுத்து வாசித்து மகிழ்ந்தேன்.

இரண்டு கிழமையால் தங்கச்சியின் மகள் தொலைபேசி எடுத்தாள்.

“மாமா, நீங்க எழுதினதை உம்மாக்கு வாசிச்சுக் காட்டினனான்.”

“என்ன சொன்னவ?”

“‘அண்ணன் சின்னனிலயே கட்டுரைப் போட்டியில முதலாம் ஆள்’ எண்டு சொன்னவ.” பிறகு சொன்னாள்: “உம்மா அடக்கத்தண்டைக்கு வந்தவ மாமா. நானும் கூட வந்தனான். உங்கட ஊருக்கு வாற வழியில, ஓலைத்தொடுவாய்ச் சந்தியில ஆட்டோவை நிப்பாட்டி நோட்டீசை வாசிச்சவ. இரண்டு தரம் வாசிச்சிட்டு, ‘திருப்பு, இது வேற ஆரோ வீட்டுச் சாவு’ எண்டவ.”

அன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எழுந்து மன்னாருக்குப் போகவில்லை. கணினியின் முன் இருந்தேன். எல்லாவற்றையும், சுவாமிக்குச் சொன்ன பொய் உட்பட, வலைப்பூவில் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ‘கடவுள் உங்களை மன்னித்துவிட்டார் ஐயா’ என்று யாரோ ஒருவர் நோர்வேயிலிருந்து எழுதினார். நெஞ்சு இலேசாகி நித்திரையும் கொண்டேன்.

தங்கச்சியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டுத்தான் போனேன். அவளுடைய மனுசன் மௌத்தாகி மூன்று வருடம். அந்தச் சாவுக்கும் நான் போனதில்லை. கதிரையைக் காட்டினாள். தேத்தண்ணி தந்தாள்.

“எழுதினதை வாசிச்சனியோ?” என்று கேட்டேன்.

“வாசிச்சவள் பிள்ளை. நான் கேட்டன். நோர்வேக்காரர் மன்னிச்சுப்போட்டாராம். பிறகென்ன?”

“நான் என்ன செய்யவேணும்?” என்று கேட்டேன்.

“கம்பியூட்டரில எழுதினா எங்கட ஊரில ஆருக்கு அண்ணன் தெரியும்? என்ட பேர் இல்லாததை ஊர் கடதாசியில, மதிலில வாசிச்சது. அம்மாவுக்கு நான் பிள்ளை எண்டு அங்கயே ஒட்டுங்கோ. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

“எந்தப் பேரைப் போட?”

“ஊருக்குத் தெரிஞ்சது ஞானஸ்நானப் பேர். என்ட பேர் இப்ப மார்க்கத்தில வைச்ச மற்றது. இரண்டையும் போடுங்கோ. இடம் காணாதெண்டா உங்கட பேரோட வாற பட்டத்தைக் குறையுங்கோ.”

இந்த வருட நினைவு நாளுக்கு அஞ்சலிப் பிரசுரம் அடித்தேன். சிலுவைக் குறி, அம்மாவின் படம், கீழே ஐந்து பிள்ளைகளின் பெயர்கள். கோயில் மதிலில் நானே பசை பூசி ஒட்டினேன். பூசைக்கு வந்தவர்கள் நின்று வாசித்தார்கள். ஒருவர், “மாஸ்டருக்கு இப்பதான் கணக்குச் சரிவந்திருக்கு,” என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அவருக்கு முன்னால் நின்று அதைக் கேட்டேன். இதை வலைப்பூவில் எழுதியிருந்தால் அப்படி நிற்கவேண்டி வந்திராது.

அன்று பின்னேரமே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தாள். பிறகு மடித்து என் கையிலேயே தந்தாள்.

“அண்ணன், நான் இரண்டாவது. என்னைக் கடைசியில போட்டிருக்கிறியள்.”

அடக்கத்துக்கு எழுதிய பழைய பிரதியை எடுத்து அதன் முடிவில் அவளுடைய பெயரைச் சேர்த்திருக்கிறேன். ஊரில் எத்தனை வீட்டுக்குப் பிறந்த ஒழுங்கு பார்த்துக் கொடுத்தவன், அச்சுப்படியை மூன்று தரம் பிழை திருத்தியவன், இதைக் காணவில்லை. என் மனதில் அவள் இருந்த இடம் அதுதான் போலும்.

“திருப்பி அடிக்கிறன்,” என்றேன்.

“ஓம், அடியுங்கோ,” என்றாள். இந்த முறை தேத்தண்ணி வேண்டுமோ என்று கேட்கவில்லை.

நாளைக்கு அச்சகம் திறந்ததும் போகவேண்டும். நினைவு நாள் போய்விட்டது. திகதி தவறிய அஞ்சலியை ஏன் ஒட்டுகிறீர்கள் என்று ஊர் கேட்கும். கேட்பவர்களுக்கு மதிலடியில் நின்று வாயால் பதில் சொல்லவேண்டும்.