இறாலா, குழாயா?

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. மேனேஜருக்கு அவர் ‘மூக்கு’, மற்றவர்களுக்கு ‘மூக்கண்ணன்’. கம்ப்ரசர் ஓட்டுவது அவர் வேலை. குளிரை உண்டாக்கும் அம்மோனியா கட்டடம் முழுக்க இரும்புக் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது ஊசிமுனை அளவு கசிந்தாலும் அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எட்டாம் நம்பர் வால்வு” என்பார். போய்ப் பார்த்தால் எட்டாம் நம்பர்தான்.

அம்மோனியாவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நாம் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அது சாது, நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதுவே ஹைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆகிவிட்டால் குணமே மாறிவிடும். ஈரம் எங்கே என்று தேடிப் போகும். மனுஷனிடம் ஈரமான இடங்கள் கண்ணும் தொண்டையும் நுரையீரலும். வயலுக்குப் போடும் உரமும் அதன் வகையறாதான். கழுவாத கழிப்பறையில் நம்மை மூக்கைப் பொத்த வைப்பதும் அதுதான். இறால் கெட்டுப்போனாலும் அதே வாடைதான் கிளம்பும்.

எங்களுக்குத் தொல்லை அந்தக் கடைசி விஷயத்தில்தான். இறால் உரிக்கும் கூடத்தில் பதினான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, சுவரோரமாக, அம்மோனியா ஓடும் குளிரூட்டி ஒன்று இருந்தது. வாடை வந்தால் ஒரே கேள்வி: இறாலா, குழாயா? இறால் என்றால் கூடையை மாற்றினால் போதும். குழாய் என்றால் ஓட வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மூக்கு அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

கசிவு அலாரம் ஒன்றும் இருந்தது. அது செத்து எட்டு மாதமாகியிருந்தது. நான் அங்கே எலக்ட்ரீஷியன். அதைச் சரிசெய்ய வேண்டியவன் நான்தான். உதிரிபாகம் வேண்டுமென்று மேனேஜரிடம் ஒருமுறை கேட்டேன். “நம்ம மூக்கு இருக்கும்போது அலாரம் எதுக்குய்யா?” என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இடையில் அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் எழுந்து குளிக்கப் போனவர் சோப்பை முகர்ந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. தேய்த்து முகர்ந்தார், தேங்காயெண்ணெயை முகர்ந்தார், மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். டாக்டர், “வரலாம், வராமலும் போகலாம்” என்றாராம். அண்ணன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதே இறால் கூடத்தில் வேலை பார்க்கும் தன் மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் ஒருநாள் என்னிடம், “மூக்கு போயிடுச்சுன்னா, மூக்குக்கு அங்க என்னடா வேலை?” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அலாரத்தை அப்படியே விட்டவனுக்குத் திட்ட ஏது வாய்?

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து ஏழு மாதம் அவர் பயத்தோடுதான் வேலைக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து, கந்தகக் குச்சியைக் கொளுத்தி, ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் காட்டுவார். அம்மோனியா கசிந்தால் அந்தப் புகை கெட்டியாக வெளுத்துவிடும். இயந்திர அறை, ஐஸ் தொட்டி, கிடங்கு என்று எல்லா இடமும் பார்த்துவிடுவார். இறால் கூடத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை. கூடத்துச் சாவி சூப்பர்வைசர் அக்காவிடம் இருந்தது. அவர் பெண்களோடுதான் வந்து திறப்பார். பதினான்கு பேர் பார்க்க மூக்கண்ணன் குச்சி கொளுத்தினால் கேள்வி வரும். அதனால் குளிரூட்டிக்குக் கீழே நின்று, தலையை நிமிர்த்தி, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு வருவார்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். சூப்பர்வைசர் அக்கா கூடத்து வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“மூக்கண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஒரு வாடை வருது. இறாலா, குழாயான்னு சொல்லுங்க.”

அண்ணன் போனார். அண்ணி குளிரூட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இழுத்தார். ஒன்றுமில்லை. கண்ணோரத்தில் மட்டும் லேசாக ஒரு குத்தல். வாசனை செத்தாலும் எரிச்சல் சாகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சற்றுமுன்தான் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித் தரை கழுவியிருந்தார்கள். அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“இறால்தான்” என்றார். “அந்தக் கூடைய மாத்துங்க.”

இயந்திர அறைக்குத் திரும்பினார். ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. கந்தகக் குச்சியை எடுத்துக்கொண்டு, கூடத்துக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வரும் நடைக்கு வந்தார். நான் அங்கே ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

“என்னண்ணே, மூக்குக்கு இன்னிக்கு லீவா?” என்று கேலி செய்தேன்.

அவர் குச்சியைக் கொளுத்திச் சுவர் இடுக்கில் காட்டினார். புகை பால்போல வெளுத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை. நான் ஏணியிலிருந்து குதித்தேன்.

“கூடத்து வால்வ மூடு! ஓடு!” என்று கத்திவிட்டு அவர் உள்ளே ஓடினார்.

உள்ளே நடந்ததைப் பெண்கள் சொன்னார்கள். “எந்திரிங்க, குழாய்தான்! வெளிய போங்க!” என்று அண்ணன் கத்தியிருக்கிறார். யாரும் எழவில்லை. “இப்பதானே இறால்னீங்க? வெளையாடாதீங்கண்ணே” என்று ஒருத்தி சிரித்தாள். அண்ணிக்குப் புருஷன் முதலில் சொன்னது தப்பாகிப் போவது பிடிக்கவில்லை. “அவரு ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். கூடைய மாத்தியாச்சுல்ல, வேலையப் பாருங்கடி” என்றார்.

அண்ணன் கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்.

“பொய்டி! நான் சொன்னது பொய். எனக்கு வாசனையே தெரியாது. ஏழு மாசமா எதுவுமே தெரியாது. ஓடுங்க!”

அப்புறம்தான் ஓடினார்கள். நான் வால்வை மூடிவிட்டேன். ஆனால் குழாயில் ஏற்கனவே நின்றது நின்றதுதானே. அந்த நேரம் பார்த்து கூடத்துக்குள் குழாய் இணைப்பை அடைத்திருந்த கேஸ்கெட் பிய்ந்தது. சீறல் நடைவரை கேட்டது. பதின்மூன்று பேர் ஈர ஏப்ரனை முகத்தில் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கதவுக்குத் தூரமாக இருந்தவர் அண்ணி. வெள்ளைப் புகைக்குள் புகுந்து அண்ணன்தான் அவரை இழுத்து வந்தார். அண்ணி கண்களைத் திறக்கவே இல்லை. குழாயடியில் அவரைக் கிடத்தி, நானும் சூப்பர்வைசர் அக்காவும் வண்டி வரும்வரை கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இருமினார். அழுகிறாரா இருமுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் ஊற்றியது நல்லதாயிற்று, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மறுநாள் பகலில் நான் போனபோது அண்ணியின் இரண்டு கண்களிலும் கட்டு. அண்ணன் அவர் கையைப் பிடிக்கவும் துணியாமல் கட்டில் ஓரத்தில் நின்றார்.

“ஒரு வார்த்த திட்டிடேன்” என்றார்.

அண்ணி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். தொண்டை கட்டியிருந்தது.

“காலையில வந்து உக்காந்ததுமே எனக்குக் குழாய் வாடைன்னு தெரிஞ்சுச்சுங்க. இத்தன வருஷமா உங்க சட்டையத் தொவைக்கிறவளுக்கு அது தெரியாதா? நீங்க வந்து இறால்னு சொன்னதும், என் மூக்குக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்.”