பதினாலாம் புள்ளி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தும் இரண்டு இயந்திரப் படகும் ஒரு மாடி வீடும் என் மூச்சை அடக்கித் தேடியவை. நயினாதீவைச் சுற்றிய கடலடியில் நான் கைவைக்காத கல் இல்லை. கடலட்டை வாங்க வரும் கொழும்பு முதலாளிமாரை நான் ஏய்த்திருக்கிறேன். என்னை ஏய்த்தவர் எவருமில்லை.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், கம்பஸில் படிப்பிக்கிற ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். கடற்பஞ்சில் மருந்துச் சரக்கு உண்டா என்று ஆராய்கிறவள். பதினெட்டுப் பஞ்சுகள் சுழியோடி எடுத்துக் கொடுத்தேன். இலக்கம் போட்டுக் கொண்டுபோனாள்.

சில மாதம் கழித்துக் குறிகட்டுவான் துறையடித் தேத்தண்ணிக் கடையில் லப்டொப்பைத் திறந்து வைத்தாள். தெளிந்த தண்ணீரில் சூடைமீன் கூட்டங்கூட்டமாக நிற்பதுபோல, திரை முழுக்கப் புள்ளிகள்.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு சரக்கு, ஐயா. ஒரே மாதிரிக் கட்டின சரக்குகள் கிட்டக்கிட்ட நிக்கும். பெரிய புள்ளியள் உங்கட பஞ்சில எடுத்தது. சின்னனுகள் மற்ற நாட்டுக்காரர் முதலே கண்டது. சிவப்பெண்டால் கிருமியைக் கொல்லும்.”

பதினாலாம் பஞ்சின் புள்ளி, மற்றப் பெரிய புள்ளிகளை விட்டு விலகி, செக்கச்செவேலென்று தனியே நின்றது. அதைச் சுற்றி நின்ற சின்னப் புள்ளிகளை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“இதெல்லாம் கடலட்டையில கண்ட சரக்கு. பஞ்சிலயும் இருக்கெண்டு நான் கேள்விப்படேல்லை. இண்டைக்கே என்ர புரொபசருக்கு எழுதப்போறன்.”

“ஆர் எடுத்த பஞ்சு?” என்றேன்.

“அண்ணைக்கு இனித் துறையடியில சிலைதான்,” என்றான் கடைக்காரன்.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “ஒன்பதும் பதினாலும் ஒரே கல்லில எடுத்ததெண்டனீங்கள்?”

“ஓம். ஒரே கல்லு, ஒரே சாதி.”

“அப்ப ஏன் ஒன்பது அங்கால தூரத்தில நிக்குது?”

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். காயக்கூடாத எதையும், படகில் கடலட்டையை உயிரோடு போட்டுவைக்கும் தொட்டிக்குள் போடுவது எங்கள் வழக்கம். அவள் தந்த வாளி நிறைந்ததும், அன்றைக்குக் கடைசியாக எடுத்த பதினாலை அந்தத் தொட்டிக்குள்தான் போட்டேன். பயந்த அட்டை குடலைக் கக்கும். தொட்டித் தண்ணீர் கொழகொழத்துப்போகும். அதிலே ஊறியது அந்தப் பஞ்சு. கண்டவர் யாருமில்லை. வாயை மூடிக்கொண்டால் என் பெயர் கடல் கடந்து போகும். பிறகு பிழையென்று தெரிந்தால் தலைகுனிவது அவள். வெளியே பஸ்ஸை இயக்கிவிட்டார்கள். அவள் லப்டொப்பை மூடக் கைவைத்தாள்.

“பிள்ளை, எழுதாதையும். அது அட்டைத் தொட்டிக்க கிடந்தது.”

“எவ்வளவு நேரம்?”

“பொழுதுபடுமட்டும்.”

கடைக்காரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பதினாலை அழித்துவிட்டு, “இப்ப சொன்னது நல்லதாப் போச்சு, ஐயா,” என்றாள். முகம் மட்டும் வாடியிருந்தது.

காயவைத்து, அரைத்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்த பிறகும் என் தொட்டித் தண்ணீரை அந்தப் பெட்டி கண்டுபிடித்ததே! கடலடியில் கல்லைத் தடவி வாழ்ந்தவன் நான். சரக்குகளைத் தடவிப் பார்த்து இனஞ்சேர்க்கிற கை ஒன்று இருக்கிறதென்று அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த கிழமை அதே கல்லில் புதுத்துண்டு வெட்டி, தனி வாளியில் கொடுத்தேன். அவள் மறுபடி வந்து திரையைத் திறந்தபோது பதினாலு ஒன்பதை ஒட்டி நின்றது, வெளிறிய நிறத்தில்.

“மருந்துக்கு உதவாது, ஐயா.”

“இருக்கட்டும், மூடாதையும்,” என்றேன். பற்றரி தீருமட்டும் அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.