ரெண்டு சீட்டுக் காருக்கு வைத்த தகரக் குழாய்

இதை எழுத உட்கார்ந்து எழுந்தது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தயக்கத்துக்குக் காரணம் படிப்பில்லாதது அல்ல. கோமதி அம்மன் பேர் இதில் வருகிறது. தாயைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக விழுந்துவிடுமோ என்று பயந்தே வருஷங்களைத் தள்ளிவிட்டேன். எழுதாமல் விட்டதுதான் பெரிய தப்பு என்று இப்போது படுகிறது.

வெள்ளைக்காரன் போய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் அரிசி மில் வைத்திருந்த முதலாளியிடம் நான் டிரைவர். யுத்த காலத்தில் பட்டாள லாரி ஓட்டியபோது கொஞ்சம் மெக்கானிக் வேலையும் கைக்கு வந்திருந்தது. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன ஒரு எஸ்டேட் துரையிடம் முதலாளி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார். மூக்கு நீளம், கூரை கிடையாது, சீட்டு ரெண்டே ரெண்டு. தேரடியில் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். "மிச்ச சீட்டெல்லாம் எப்ப வருது அண்ணாச்சி?" என்று கேட்காத ஆள் இல்லை.

பார்வைக்குத்தான் பாய்ச்சல். வெயில் ஏறினால் எஞ்சின் இளைத்துப்போகும். கரிவலம் போகிற ரோட்டில் குளத்துக்கரை மேல் ஏறுகிற நீளமான ஏத்தம் ஒன்று உண்டு. ஒருநாள் அந்த ஏத்தத்தில் ராஜபாளையம் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. கடைசி சீட்டிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "கயிறு போட்டு இழுக்கவா வே?" என்றார். பஸ் கிளப்பின புழுதி முழுக்க முதலாளியின் வெள்ளைச் சட்டையில்.

"இதே ஏத்தத்துல, இதே பஸ்ஸை நான் முந்தணும். முடியலைன்னா இந்தச் சனியனை வித்துப்போடுவேன்" என்றார்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, குளிர்ந்த காற்றும் நிறையப் போகவேண்டும். இந்தக் காரிலோ பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் ரெண்டும் புகை போகிற குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்து, பானட்டுக்குள் வெந்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அடுப்புக்குள் மூக்கை வைத்துக்கொண்டு யாரால் ஓட முடியும்? முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வைத்து வெளிக்காற்றைக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியது.

பஜாரில் ஒரு பாய் தகரக்கடை வைத்திருந்தார். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஆறு மாசம்தான். மில்லில் உமி தள்ளும் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டிருந்ததை ஒரே நாளில் சரி பண்ணிக் கொடுத்தவர். முதலாளி அப்போது கரிவலத்தில் புது மில் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மில்லின் குழாய் வேலை மொத்தமும் தனக்குத்தான் என்று நம்பி, பாய் பெண்டாட்டி பிள்ளைகளையும் இங்கே கூட்டிவந்துவிட்டார். முதலாளி இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. "மொதல்ல காருக்கு வைக்கச் சொல்லு. அதைப் பாத்துட்டு மில்லைப் பேசுவோம்" என்றுவிட்டார். நான் போய்ச் சொன்னதும் பாய் கடையை அரைநாள் மூடிவிட்டு வந்துவிட்டார்.

பானட்டுக்குள் கையைவிட்டு அங்கேயும் இங்கேயும் தடவிப் பார்த்தார். "காத்தும் உமி மாதிரிதான் அண்ணாச்சி. மூலையைக் கண்டா முட்டிக்கிட்டு நிக்கும். வளைச்சுக் குடுத்தா வழுக்கிட்டுப் போயிரும்" என்றார். ரெண்டு கார்புரேட்டரையும் மூடுகிற மாதிரி ஒரு தகரப் பெட்டி, அதிலிருந்து ரேடியேட்டர் ஓரமாக முன்னால் வருகிற குழாய். வாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். முதலில் செய்தது ஒடுக்கமாகப் போய், எஞ்சின் கருப்புப் புகை கக்கியது. மறுபடி பெரிதாகச் செய்தார். இந்தத் தடவை காற்று கூடிவிட்டதால் பெட்ரோலையும் நான் கொஞ்சம் கூட்டித் திருகினேன். மூன்றாம் நாள் ஸ்டார்ட் பண்ணினபோது சத்தமே வேறாக இருந்தது. தேனடை கலைந்த மாதிரி ஒரு ரீங்காரம்.

"வாயில ஒரு சல்லடை வச்சிருவமா?" என்று பாய் கேட்டார்.

"எதுக்குவே? சல்லடை வச்சா காத்து குறையும். பட்டாளத்துல நான் பாக்காத எஞ்சினா?" என்றேன்.

பந்தயத்துக்கு வெள்ளிக்கிழமை குறித்தோம். காலையில் குளித்து, அம்மன் சன்னிதியில் அர்ச்சனை பண்ணி, தடிமனான செவ்வந்தி மாலை ஒன்று வாங்கிவந்தேன். கார் மூக்கில் கட்டினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. காரில் இடம் இல்லாததால், முந்துவதைப் பார்க்க பாய் அந்தப் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்துக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஏத்தம் வந்தது. மிதித்தேன். கார் துள்ளிக்கொண்டு ஏறியது. "விடுலே! விடு!" என்று முதலாளி கதவைத் தட்டுகிறார். பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டோம். ஜன்னலில் பாய் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ரெண்டு இருமல் இருமி, நின்றுபோனது. பஸ் முழுக்க "ஓ" என்று ஒரு கூச்சல். பாய் தூக்கின கை தூக்கினபடியே தூரத்தில் போனது.

இறங்கித் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே முழுக்க செவ்வந்தி இதழும் மாலை நாரும். குழாய் வாய்க்கு நேராகவே நான் மாலையைக் கட்டியிருக்கிறேன், அது பாதி மாலையை உறிஞ்சித் தின்றிருக்கிறது! முதலாளி எரிச்சலில் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் பூவை எல்லாம் வாரித் துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்னலே ஆச்சு?"

"தெரியல முதலாளி."

அந்த ஒரு வார்த்தைதான். அறுந்த மாலையைக் காற்று பிய்த்ததாகவே முதலாளி நினைத்துக்கொண்டார். அப்புறம், "மாலை போட்டும் நின்னுட்டுதே. அம்மனுக்கு இது பிடிக்கல. குழாயைக் கழட்டிப்போடு. பாயை மில்லுப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி ஊர் வந்து சேர்ந்தது. எதிரே வந்த பஸ்காரர்கள் சொல்லி, எங்களுக்கு முன்னாலேயே கதை ஊருக்கு வந்துவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே நல்லபாம்பு படமெடுத்து நின்றதாக ஒருவர் என்னிடமே சொன்னார். கார் ஓட்டின எனக்கே அது புதுச்செய்தி.

வீட்டில் என் சம்சாரம் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கோயில் பூவுல ஏன் பெட்ரோல் வாடை அடிக்கு?" என்றாள். சொன்னேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"சல்லடை வேண்டாம்னது நீங்க. மாலையை அங்கன கட்டுனதும் நீங்க. பழியை மட்டும் ஆத்தா தலையில வச்சிட்டு வந்திருக்கிய."

"அம்மன் மாலையாலதான் நின்னுதுன்னு என் வாயால எப்படிட்டி சொல்ல?"

"மாலை என்ன செய்யும்? அந்த மனுசன் பெண்டாட்டி பிள்ளைகளோட சாமான் கட்டுறதுக்குள்ள போங்க."

பொழுது சாய்வதற்குள் தகரக்கடைக்குப் போனேன். பாய் தரையில் சாக்கட்டியால் குழாயைப் படம் போட்டு வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வளைவுல தப்புன்னு தெரியலையே அண்ணாச்சி" என்றார். துண்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தார்.

"அட அல்லாவே! மாலையையா தின்னுச்சு? அப்ப நல்லாத்தான் உறிஞ்சியிருக்கு!"

சிரித்தாரே தவிர, என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "முதலாளிகிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா உண்டு" என்றார்.

நேரே மில்லுக்குப் போய், முதலாளி முன்னால் துண்டை விரித்தேன். "அம்மன் நிப்பாட்டல முதலாளி. நான்தான் நிப்பாட்டுனேன்." சல்லடை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன்.

"அங்கனயே ஏம்லே சொல்லல?"

"பயம்."

"எனக்கா, அம்மனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

கணக்கப்பிள்ளை ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு முதலாளி சிரித்தார். பிறகு, "பாயைக் கூட்டிட்டு வா. நான் சொன்னது தப்புன்னு நானே சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் பாய் குழாய் வாயில் கம்பிச் சல்லடை வைத்தார். சொல்லும்படியாகக் காற்று ஒன்றும் குறையவில்லை. மாலையைக் கண்ணாடிக்கு மேலே கட்டினேன். அதே ஏத்தத்தில் அதே பஸ்ஸை முந்தினோம். பஸ்ஸில் இருந்தவர்களே கைதட்டினார்கள். முதலாளியின் தலைப்பாகை பறந்து குளத்தில் விழுந்தது, அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கரிவலம் மில்லுக்குக் குழாய் முழுக்க பாய் செய்ததுதான்.

ஆனால் ஊர் விடவில்லை. அம்மன் கனவில் வந்து சல்லடை வைக்கச் சொன்னாள் என்று கதை கட்டினார்கள். அன்றைக்குக் கார் நின்றது பாய் செய்த குழாயின் கோளாறு என்றும் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதனால் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அன்றைக்குக் காரில் இருந்த பாய் குழாயில் குறை கிடையாது, குறை என்னுடையது. துண்டை அவிழ்க்கத் தைரியம் கொடுத்தது மட்டும் தாய். இதில் ஒன்றையும் கூட்டவேண்டாம், ஒன்றையும் விடவும் வேண்டாம்.