இடிமேகத்துக்குக் கீழே இரண்டு ஃபிலிம்

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒரு வண்டியும் இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் மாலைதோறும் இடி இடித்துக்கொண்டிருந்தது. அது எனக்காகக் காத்திருக்காது. சைக்கிளை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இடிமேகத்துக்குள் பறந்த விமானத்தில் எக்ஸ்ரே பதிவானதாகப் பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. மின்னல் விழும்போது அந்த எக்ஸ்ரே தரைவரை வருமா? இரண்டு ஃபிலிம்களைக் கறுப்புத் தாளில் வெளிச்சம் புகாமல் சுற்றினேன். ஒன்றை வெளியே வைப்பேன். மற்றது ஈயத் தகடு பதித்த இரும்புப் பெட்டிக்குள், மலையில் நான் தங்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். எக்ஸ்ரே ஈயத்தை லேசில் தாண்டாது. வெளியே இருப்பது மட்டும் கறுத்தால் எனக்கு ஜெயம்.

கச்சிராயபாளையம் சாலையில், வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தருகே போராட்டக்காரர்கள் நிறுத்தினார்கள்.

"பொட்டியில இன்னாங்க?"

"எக்ஸ்ரே ஃபிலிம். பிரிச்சா வீணாயிடும்."

"ஆசுபத்திரி சாமானா? சைக்கிள தூக்கிக்கினு அந்தாண்ட போங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவர்களே தூக்கிவிட்டார்கள்.

அடிவாரத்தில் ஜீப் கிடைத்தது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் குப்பம்மா வீட்டில் இறங்கினேன். கை முறிந்தபோது அவருக்குப் படம் எடுத்தவன் நான்.

மாலை நான்கு மணிக்கு வானம் இருண்டது. முதல் ஃபிலிமைப் பாலிதீனில் கட்டிக் கூரைமேல் வைத்து இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் குப்பம்மா கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் வாசலில் வீசியிருந்தார். கூடவே என் பெட்டியும் போயிருந்தது. மூடி திறந்து தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

எடுக்க ஓடினேன். குப்பம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுத்த மூச்சில் எதிர்ப் பலாமரத்தில் இடி விழுந்தது.

"இடி இடிக்கசொல்ல இரும்பு வூட்டுல இருக்கக்கூடாதுங்க. புள்ளைங்க கீதுங்க," என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிளந்து கிடந்த பலாமரத்தைப் பார்த்த பிறகுதான் அது அடங்கியது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது கேட்டேன். "வெறும் ஈயம்னா உள்ள வைக்கலாமா?"

அவர் யோசித்தார். "அது கிடந்துட்டுப் போவுதுங்க. இரும்புதான் ஆவாது."

கள்ளக்குறிச்சி வந்து இருட்டறையில் கழுவினேன். கூரைமேல் இருந்த ஃபிலிமில் ஒரு பக்கம் மங்கலாகக் கறுத்திருந்தது. குதிக்கத் தோன்றியது. பெட்டி ஃபிலிமோ தண்ணீரில் திட்டுத்திட்டாகப் பாழாகியிருந்தது. இனி எதோடு ஒப்பிடுவது? வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால், தாளில் ஓட்டை இருந்திருக்கும் என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்று சாயங்காலமே தச்சரிடம் போய், ஈயத் தகட்டுக்கு அளவாக ஒரு மரப்பெட்டி சொன்னேன். ஆணியும் மரத்திலேயே வேண்டும் என்றேன்.