இடக்கைக்காரனின் துவக்கு

மலைக்கு மான் வேட்டைக்குப் போக ஒரு துவக்கு வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு மனைவி குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

"துவக்குச் சத்தம் கேளாத இடம் வேணும் எண்டுதானே இந்த நாட்டுக்கு வந்தனாங்கள்?"

எனக்கு ஒரு காரணம் இருந்தது. டண்டினொங் என்கிற புறநகரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் இருக்கிறான். குளிர்காலம் வந்தால் கிழக்கே மலைக்காட்டுக்குப் போய், அவன் கடமான் என்றும் நாங்கள் மரை என்றும் சொல்கிற மானைச் சுட்டு, எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்து தருவான். பல வருடம் வாங்கித் தின்றாயிற்று. தின்ன நாக்கு உள்ளவனுக்குக் கொல்லுகிற பாரமும் இருக்கவேண்டாமா என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியது போகவேயில்லை.

ஒரு கிழமை கழித்து மனைவி சொன்னாள்: "போங்கோ. ஆனா ஒரு உயிரைக் காயப்படுத்தித் துடிக்க விட்டிட்டு வந்தீங்கள் எண்டால், பிறகு அந்தத் துவக்கு இந்த வீட்டுக்குள்ள வரப்படாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரே வெடியில் உயிர் போகவேண்டும். அதற்கு எந்தத் துவக்கு?

எல்லோரும் செய்கிற பிழையைத்தான் நானும் செய்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய குண்டு போடுகிற, கறுப்பும் வெள்ளியுமாய் மினுங்குகிற ஒன்றில் மனதை வைத்தேன். எங்கே பட்டாலும் மான் விழுந்துவிடுமே!

தம்பி சிரிக்கவில்லை. "எங்க பட்டாலும் விழற மாதிரி துப்பாக்கிய இன்னும் யாரும் செய்யலைங்கண்ணா. வயித்துல பட்டா, எவ்ளோ பெரிய குண்டா இருந்தாலும் அது நாள் பூரா அலைஞ்சுதான் சாகும். மொதல்ல என்னோடதுல சுட்டுப் பழகுங்க. அப்புறம் வாங்கலாம்."

சுடுதளத்துக்குக் கூட்டிப்போனான். அவனுடையது நடுத்தர அளவுதான், உதையும் பெரிதில்லை. ஆனாலும் என் குண்டுகள் கடதாசியில் ஆளுக்கொரு திசையாகப் போயின. முதலில் குறிபார்க்கிற ஸ்கோப்பைக் குறை சொன்னேன். பிறகு காற்றை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுத்தது குறிக்குப் பின்னால இருக்கற மண்மேட்டத் தள்ளி வைக்கச் சொல்லுவீங்க போல," என்றான்.

பழமொழி சொல்கிறவன் நான். அன்றைக்கு எனக்கே ஒன்று விழுந்தது. அடுத்த வெடியில் ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து புருவத்தைக் கிழித்தது.

பிளாஸ்டரோடு மறுபடி கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். அந்த மினுங்கும் துவக்கை நான் வலது தோளில் வைத்துக் காட்டியதும், என் முகத்தையே பார்த்தார்.

"வலது தோளில் வைத்துச் சுடுகிற ஆளுக்கு இடது புருவத்தில் எப்படிக் காயம்?"

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என் கைகளை நீட்டச் சொல்லி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினேன். மணிக்கூடு காணாமல் போயிற்று. திறந்தேன், வந்தது. குறி பார்க்கிற கண் இடதுதான் என்றார். அதை ஸ்கோப்புக்குக் கொண்டுவரத்தான் கழுத்தை வளைத்து வளைத்துச் சுட்டிருக்கிறேன்.

"பிறவியிலேயே இடக்கைக்காரரோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பழையது ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா என் இடக்கையைச் சாரத் துணியின் தலைப்பால் கதிரையோடு கட்டிவிட்டுத்தான் சோறு போடுவார். கோபத்தில் இல்லை, பந்தியில் ஊர் சிரித்துவிடுமே என்ற பயத்தில். கட்டிய கட்டை நானும் மறந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலுக்கும் முந்திய பழக்கம் ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இடக்கைத் துவக்கு கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. பழையது, மரப்பிடி, அங்கங்கே கீறல். குண்டேற்ற இழுத்துத் தள்ளுகிற போல்ட் இடப்பக்கம். தம்பியினது போலவே நடுத்தர அளவு. தோளில் வைத்தேன். கழுத்து வளையவில்லை. பெர்மிட் வரும்வரை எடுத்து வைக்கச் சொன்னேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி அதிசயப்படவில்லை. "இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வேணுமோ? நீங்கள் தேங்காய் திருவிறது எந்தக் கையால எண்டு ஒருநாளும் பாக்கேல்லையோ?"

கோடை முழுக்கப் பழகினேன். ஒரு சோற்றுத் தட்டின் அளவுக்குள் குண்டுகள் தவறாமல் விழத் தொடங்கிய பிறகுதான் தம்பி மலைக்கு வரச் சொன்னான்.

இரண்டாம் நாள் விடியலில், எதிர்ச் சரிவில் ஒரு கொம்பன் மான் தனியாக நின்று மேய்ந்தது. பக்கவாட்டாகத் திரும்பும்வரை காத்திருந்தேன். சுட்டேன். அது துள்ளி, அடர்ந்த புதருக்குள் ஓடி மறைந்தது.

எழுந்த என்னைத் தம்பி பிடித்து உட்காரவைத்தான். "இப்பப் போகக்கூடாதுங்கண்ணா. பின்னாலயே போனா, உயிர் இருந்துச்சுன்னா பயந்து இன்னும் ஓடும்."

ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் புதருக்குள் என்ன நடக்கிறதோ, அதைச் செய்தவன் நான்.

பிறகு இறங்கிப் போனோம். இலைகளில் நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம். "நுரையீரல்ல பட்டிருக்கு," என்றான் மெதுவாக. "ஓடறப்பவே போயிருக்கும்." சரிவின் அடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. தம்பி தொப்பியைக் கழற்றினான். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, அதன் உடம்பில் வைத்த கையைச் சூடு குறையும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"துடிச்சதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சத் தூரம் ஓடினது."

"எவ்வளவு?"

"எங்கட வாசலில இருந்து பஸ் நிக்கிற இடம் மட்டும். போய்ப் பாத்தால் உயிர் இல்லை."

அவள் வீதியைப் பார்த்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பார்த்தாள். அந்தத் தூரத்தை ஒரு உயிரின் கால்களால் அளக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு உள்ளே போய், ஒரு வாளியில் சுடுதண்ணீரும் துவாயும் கொண்டுவந்து வீட்டின் பக்கவாட்டு முற்றத்தில் வைத்தாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு வைப்பது போல.

"தலையில வார்த்துத் தோய்ஞ்சிட்டு, துவக்கையும் கொண்டு உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.