பாயிண்ட்டுக்குள் ஒரு பொட்டு

கோவிந்தாபுரம் பக்கத்துத் தேங்காய்க் களங்களில் ரத்தினசாமியைப் பற்றி இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று அவருடைய ஜாவா மோட்டார் சைக்கிள். இன்னொன்று அவருடைய கை. கோபம் வந்தால் வாய் திறப்பதற்குள் கை கிளம்பிவிடும். பிறகு அவரே வருத்தப்பட்டு, அடி வாங்கியவனைக் கடைக்குக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார். அவனும் கன்னத்தைத் தடவியபடி சிரித்துவிட்டுப் போவான். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவார். நாற்பதைத் தாண்டியும் அந்த ஏற்பாட்டில் ஏதும் குறை இருப்பதாக அவருக்குப் படவில்லை.

சித்தூர் முதல் கொல்லங்கோடு வரை தோப்புத் தோப்பாகப் போய்க் காய்க்கு விலை பேசி, உரித்து, லாரியில் பொள்ளாச்சிக்கு அனுப்புவது அவர் தொழில். வெகுகாலம் சைக்கிள் மிதித்தவர், பெட்ரோல் விலை எகிறிய மறு வருஷம், ஊரெல்லாம் இருக்கிற வண்டியை விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளையிடமிருந்து அந்தப் பழைய ஜாவாவை வாங்கினார். அன்று முதல் வீட்டில் வண்டிக்குத்தான் முதல் மரியாதை. மழை தூறினால் கொடியில் காயும் துணி நனைந்தாலும் பரவாயில்லை, வண்டி மேல் முதலில் சாக்கு விழ வேண்டும். சக்களத்தி வந்து சேர்ந்துவிட்டாள் என்று அவர் மனைவி பழனாத்தாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவர் காதுபடச் சொன்னதில்லை.

வண்டி வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூசை. அரிவாள், பாரை, தராசு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பழனாத்தாள் சந்தனம் குங்குமம் வைத்தாள். வண்டிக்கும் ஹெட்லைட்டில் ஒன்று, டேங்கில் ஒன்று வைத்துவிட்டுப் பொரி கலக்க உள்ளே போனாள். ரத்தினசாமிக்கு அது போதவில்லை. வெளித் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம், ஓட்டுவது உள்ளே இருப்பதல்லவா என்று யோசித்தார். வண்டியின் உயிரே பாயிண்ட்டில்தான் இருக்கிறது என்று அதை விற்றவர் சொல்லியிருந்தார். பிளக்குக்கு நெருப்புப் போகும்படி திறந்து திறந்து மூடும் இரண்டு சின்ன இரும்பு முனைகள் அவை. வலது பக்க மூடியைக் கழற்றி, அந்தப் பாயிண்ட்டின் தலையிலேயே கொழகொழவென்று சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு மூடியைத் திருகினார். இவ்வளவு அக்கறையாக யாரும் பூசை போட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை.

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தான். பழனாத்தாளின் தம்பி நல்லதம்பி. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அக்காளை ஒட்டி வந்து சேர்ந்தவன். களத்தில் ஆட்களை மேய்ப்பது, லாரிக்குக் கூடப் போவது, வண்டியில் போய்ச் சேதி சொல்லி வருவது எல்லாம் அவன்தான். ரத்தினசாமிக்கு அவன் மேல் பிரியம் உண்டு. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னவரில்லை, அவ்வளவுதான்.

பூசை முடிந்த பிற்பாடு ஒரு நாள் நல்லதம்பி சித்தூருக்கு வண்டியை எடுத்துப் போனான். திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. லாரிக்குக் காய் ஏறிக்கொண்டிருந்த நேரம். களத்தில் ஆள் கூட்டம். ரத்தினசாமி உதைத்துப் பார்த்தார். வண்டி இரண்டு தரம் ஓடி, மூன்றாவது தரம் துடிப்பு விட்டு, படார் என்று சைலன்சரில் வெடித்து, புகை கக்கி நின்றது. டேங்கைத் திறந்து விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். காற்றில் பிடித்தும் விரல் காயவில்லை. பிசுக்கென்று இருந்தது.

“சீமெண்ணெயக் கலந்திருக்கறான்” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “நல்ல பெட்ரோல எவனுக்குடா ஊத்திக் குடுத்த?”

“நான் கலக்கலீங்க மாமா.”

அதற்குள் கை கிளம்பிவிட்டது. லாரியில் காய் எறிந்துகொண்டிருந்த மொக்கையன், எறிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நல்லதம்பி மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வீட்டு வாசலில் நின்ற அக்காளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். திருடன் பேசமாட்டான் என்று ரத்தினசாமி அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தபோது நல்லதம்பியின் டிரங்குப் பெட்டியைக் காணோம். அழகுமலை என்று ஒரு சிநேகிதன் மூணாறுப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தான்; வா வா என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மத்தியானப் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்து, உடுமலைப்பேட்டை வழியாக மலை ஏறிவிடுவான். பழனாத்தாள் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவில்லை.

“எங்கிட்டச் சொல்லக்கூட இல்லீங்க” என்றாள்.

“போனாப் போறான். திருட்டுப் பயல ஊட்டுல வெச்சுக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு, கேட்கச் சகிக்காமல் வண்டிப் பக்கம் போனார்.

அவர் கையில் திருப்புளி எடுத்தது உண்மையில் தன் தீர்ப்பை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். டேங்கிலிருந்த அத்தனையையும் வடித்தார். கொல்லங்கோட்டில் தன் கையால் வாங்கித் தகரத்தில் பூட்டி வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினார். ஜாவாவுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும்; ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்பது அவர் கட்சி. தாராளமாகவே ஊற்றிக் கலக்கினார். கலக்கிய விரலைத் துடைக்கப் போனவர் நின்றார். விரல் காயவில்லை. நேற்றைப் போலவே பிசுக்கென்று இருந்தது.

மோந்து பார்த்தார். சீமெண்ணெய் வாசனை இதிலும் இல்லை, வடித்து வைத்ததிலும் இல்லை. நேற்றுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் காட்டிய சாட்சி, அவரே ஊற்றிய ஆயில். இருந்தாலும் மனசு லேசில் ஒத்துக்கொள்ளுமா? வண்டியை உதைத்தார். புதுப் பெட்ரோலிலும் அதே இரண்டு ஓட்டம், ஒரு விடல், ஒரு படார்.

பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒயரை மாட்டி, எஞ்சின் மேல் படும்படி வைத்துக் கிக்கரைக் கையாலேயே அமுக்கினார். நீலமாக ஒரு பொறி வந்தது. மறுபடி அமுக்கினார், இல்லை. மறுபடி அமுக்கினார், வந்தது. பிளக்கு நல்ல பிளக்குத்தான், அதற்கு வர வேண்டியது சரியாக வரவில்லை. அப்படியானால் கோளாறு அதற்கு முன்னால். முன்னால் என்றால் பாயிண்ட்.

வலது பக்க மூடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவருக்கு அப்போதே காது சுட்டது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் மெதுவாகத் திருகைக் கழற்றினார். சந்தனம் சூட்டில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்திருந்தது. பாயிண்ட் இரண்டும் சேரும் இடத்தில் மாவு மாதிரி சந்தனப் பொடி. முனைகள் கருகிப் போயிருந்தன. இவ்வளவு பெருமையாக வைத்த பொட்டு, நெருப்புப் போகும் வழியில் குந்திக்கொண்டு போகாதே என்று மறித்திருக்கிறது. மறிக்கச் சொன்ன ஆள் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அடி வாங்கினவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தார். மூடியின் ஒரு திருகில் புதுக் கீறல். சந்தனத்தின் ஒரு பக்கத்தை யாரோ விரலால் வழித்து எடுத்திருந்தார்கள். விரல் தடம் அப்படியே இருந்தது. நல்லதம்பி வழியிலேயே இதைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். துடைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நேற்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்தக் கேள்வி ரத்தினசாமியை அந்த இடத்திலேயே உட்கார வைத்துவிட்டது. அவன் நிலையில் வேறு யாராக இருந்தாலும், இந்தா பாருங்க உங்க பூசையின் லட்சணம் என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவராக இருந்தால் கட்டாயம் கூட்டியிருப்பார்.

பொடியை ஊதினார். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார். உப்புத்தாளை மடித்து முனைகளை இழைத்து, கல்யாணப் பத்திரிகையின் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்துத் திருகை இறுக்கினார். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. தடதடவென்று ஒரு விடல்கூட இல்லாமல் ஓடியது. சத்தம் கேட்டுப் பழனாத்தாள் வாசலுக்கு வந்தாள்.

“என்ன கோளாறுங்க?”

“பாயிண்ட்டு” என்றார் ரத்தினசாமி. அவள் இன்னும் ஏதாவது கேட்பதற்குள் கியரைப் போட்டுவிட்டார்.

கோவிந்தாபுரம் பஸ் நிறுத்தத்தில் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றிருந்தது. டிரைவர் டீக்கடையில் இருந்தார். ஆலமர நிழலில் டிரங்குப் பெட்டி மேல் நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், களத்திலிருந்து டீ குடிக்க வந்த மொக்கையன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஜாவா சத்தம் கேட்டதும் நல்லதம்பி எழுந்து நின்றுகொண்டான். ரத்தினசாமி வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

“நீ மூடியக் கழட்டிப் பாத்தியா?”

“பாத்தேனுங்க மாமா.”

“உள்ள சந்தனம் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“அப்பறம் ஏன்டா நேத்தே சொல்லல?”

நல்லதம்பி கீழே பார்த்தான். மொக்கையன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

“அக்கா வெச்சுதுன்னு நெனச்சேனுங்க. ஊட்டுல பொட்டு வெக்கறதெல்லாம் அதுதானுங்களே. அத்தன பேரு முன்னால அக்கா பேரச் சொன்னா, நீங்க ஊட்டுக்குள்ள போயி அதுக்கும் ரெண்டு வெச்சிருப்பீங்க. எனக்கு உழுந்ததோட போவட்டும்னு இருந்துட்டனுங்க.”

பஸ்ஸுக்குள்ளிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. எவ்வளவு சுலபமான வழி ஒன்று திறந்து கிடக்கிறது என்பது ரத்தினசாமிக்குத் தெரிந்தது. ஆமாம்டா, உங்கக்கா புத்தியப் பாரு என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். மச்சானும் மாமனும் சமாதானம் ஆகிவிடலாம். டீ வாங்கிக் கொடுக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதுதான் பிற்பாடு அவரை ரொம்பக் காலம் அரித்தது.

வண்டியை விட்டு இறங்கினார்.

“உங்கக்கா வெக்கல” என்றார். அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. மொக்கையனுக்கு எட்டியிருக்காது என்று பட்டதும் மறுபடி உரக்கச் சொன்னார். “நாந்தான் வெச்சேன். சந்தனமும் நாந்தான், ஆயிலக் கூடுதலா ஊத்துனதும் நாந்தான். சீமெண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் மேல தப்பில்ல, மொக்கையா. களத்துல கேக்கறவங்ககிட்டச் சொல்லிரு.”

மொக்கையன் தலையை ஆட்டினான். நல்லதம்பிக்குக் கண் கலங்கியது. ஆனால் வாயில் ஒரு சிரிப்பும் வந்தது.

“பாயிண்ட்டுக்கா மாமா பொட்டு வெப்பாங்க?”

“நான் வெச்சேன். ஊட்டுக்கு வா, போலாம்.”

டிரைவர் வந்து ஏறினார். கண்டக்டர் விசில் ஊதினார். நல்லதம்பி பெட்டியைத் தூக்கினான். பஸ் படியில்தான் வைத்தான்.

“கோவிச்சுக்கிட்டுப் போகலீங்க மாமா. அழகுமலை வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறான். பொங்கலுக்கு வாரேன். அக்காகிட்டச் சொல்லாம வந்துட்டனுங்க, சொல்லிருங்க.” படியில் ஏறியவன் திரும்பினான். “அக்காள ஒண்ணும் ஏசாதீங்க.”

பஸ் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி மறையும்வரை ரத்தினசாமி நின்றார். திரும்பும் வழி முழுவதும் வண்டி அருமையாக ஓடியது. நடுவே எங்காவது ஒரு தரம் விட்டு, நின்று, தன்னைத் தள்ள வைத்தால் தேவலை என்று நினைத்தார். அது நிற்கவில்லை.

பழனாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பின் சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்தாள். ரத்தினசாமி வண்டியை ஸ்டாண்ட் போட்டு, வேர்வை வழிய, தலைத் துண்டை எடுக்கக் கையைத் தூக்கினார்.

அவள் சட்டென்று ஓரடி பின்னால் போனாள். முகத்தில் பயம் கியம் ஒன்றும் இல்லை. வாசற்படியில் நாய் படுத்திருந்தால் விலகிப் போவோமே, அவ்வளவு பழக்கமாக விலகினாள். இத்தனை வருஷமும் இப்படித்தான் விலகியிருப்பாள். இன்றுதான் அவர் பார்க்கிறார்.

தூக்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மெதுவாக இறக்கி, வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் துண்டை எடுத்தால் மறுபடி விலகுவாளோ என்று, வேர்வை கண்ணில் இறங்க அப்படியே நின்றார்.

“பழனா, உள்ள போயி உக்காரு” என்றார். “உந்தம்பி சொல்லச் சொன்னதச் சொல்றேன். அதுக்கு முன்னால நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது.”