லூர்துசாமி ஓட்டாத குதிரை

லூர்துசாமி வாயைத் திறந்தால் முதலில் குதிரை வரும். அதற்குப் பின்னால்தான் லூர்துசாமி வருவார். பாரிசில், ரூ காய் தெருவில், இந்திராதேவியின் மளிகைக் கடைக்குச் சனிக்கிழமை சாமான் வாங்க வந்த யாரும் அந்தக் குதிரையிடமிருந்து தப்பியதில்லை. கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலை முன்னே வைத்து, இல்லாத கடிவாளத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கனடாவின் மேற்கில், ஆல்பர்ட்டாவில், ராக்கி மலை அடிவாரத்து மாட்டுப் பண்ணைகளின் வழியாக அவர் குதிரையில் போன கதை ஆரம்பமாகும். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு இரண்டும் அங்கே ஒரே கடையில் கிடைத்தன.

அவர் மனைவி ரோசாலி பக்கத்தில் நின்று வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதை நடுவில் அவர் திரும்பி, "இல்ல ரோசாலி?" என்பார். "ஆமாங்க" என்பாள். அந்த "ஆமாங்க"வுக்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவளுக்காகப் பேசுவது லூர்துசாமியின் பரம்பரைச் சொத்து போலிருந்தது. பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்து, அவரைவிடச் சுத்தமாகப் பிரெஞ்சு பேசுகிறவள் அவள். பிரான்சு மாப்பிள்ளை கிடைத்தானே என்று அவள் அப்பா மெழுகுவத்தி ஏற்றிக் கட்டிவைத்தார். பாரிசுக்கு வந்து, ஆஸ்பத்திரித் துணி அறையில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலையைத் தானே தேடிக்கொண்டாள். அங்கே மட்டும்தான் அவள் குரல் அவளுக்குக் கேட்கும். மற்ற எல்லா இடத்திலும் அவர்தான். வயிற்றுவலி அவளுக்கு; வலி எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் சொல்கிறவர் அவர். ஒரே மகன் கல்யாணம் செய்துகொண்டு பாரிசுக்கு வெளியே பொபினியில் இருந்தான். அப்பா தொண்டையைச் செருமினாலே பிரெஞ்சில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு எழுந்துபோகிற கெட்டிக்காரன். ரோசாலிக்கு அந்த வசதி கிடையாது.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் அல்ல. ஒரு மனுஷனைத் திருத்துவதற்குக் கொஞ்சமாவது அவனை மதிக்க வேண்டும். அந்த மதிப்பு அவளிடம் எந்தக் காலத்திலோ தீர்ந்துபோயிருந்தது. பேசிவிட்டுப் போகட்டும், நாய் குரைத்துச் சூரியன் மறையவா போகிறது என்று விட்டுவிட்டாள்.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் லூர்துசாமியின் தபால் பிரிக்கும் அலுவலகத்தில், விடுமுறைக்காகக் கனடாவில் ஒரு குதிரைப் பயணம் ஏற்பாடு செய்தார்கள். மேலதிகாரி போகிறார் என்று தெரிந்ததும் இவரும் பேரைக் கொடுத்தார். தம்பதியாகப் போனால் சலுகை என்பதால் ரோசாலி பேரும் சேர்ந்தது. குதிரைப் பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, தன் தாத்தா பாண்டிச்சேரி கவர்னரின் குதிரைப்படையில் இருந்தவர் என்று ஒரே போடாகப் போட்டார். தாத்தா கவர்னர் வீட்டுக் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கொடுத்தவர். அது மானமான பிழைப்புத்தான். பேரனுக்குத்தான் அது போதவில்லை.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். லூர்துசாமிக்குக் கொடுத்த கிழட்டு வெள்ளைக் குதிரை பாவம், தள்ளவும் இல்லை, பறிக்கவும் இல்லை. முதல் நாள் காலை, பண்ணை வாசலைத் தாண்டியதும், நல்ல புல்லாக இருக்கிறதே என்று தலையைக் குனிந்தது. அவ்வளவுதான். குதிரைப்படைப் பேரன் அதன் கழுத்து வழியே சறுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார்ந்தார். குதிரை அவரைச் சுற்றி மேய்ந்தது. அதற்கப்புறம் அவர் எந்தக் குதிரைக்கும் கிட்டே போகவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது என்று சொல்லி, கூடாரங்களையும் சாப்பாட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு சாலை வழியாகப் போகிற வண்டியில் ஏறிக்கொண்டார். பயணம் முடிகிறவரை சமையல்காரருக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தார். அதையும் தடிமனாக உரித்தார்.

ரோசாலிக்குக் கிடைத்தது ஒரு செம்பழுப்புக் குதிரை. முதல் நாள் முழுக்கச் சேணத்தின் முன்கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடியே போனாள். சாயங்காலம் தொடையெல்லாம் தோலுரிந்து எரிந்தது. நாளைக்கு நானும் வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், வண்டியில் யார் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தாள். தொடை எரிச்சலா, லூர்துசாமியா? தொடை எரிச்சலே மேல் என்று பட்டது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

அதற்கப்புறம் நடந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. எரிச்சல் பழகிப்போனது. முன்கொம்பிலிருந்து கை தானாக விலகியது. கண்ணுக்கெட்டியவரை புல்மேடுகள், கம்பி வேலிகள், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்கிற மாடுகள். அந்தக் கோடையிலும் தூரத்து மலைகளில் பனி. காற்றைத் தவிர யாரும் பேசவில்லை. வலது பக்கம் போகலாம் என்று அவள் கடிவாளத்தை லேசாகச் சாய்த்தால், குதிரை வலது பக்கம் போனது. "ரோசாலி சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்துக் குதிரைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "போடா ராசா" என்று தமிழில் சொன்னாலே காதைத் திருப்பிக் கேட்டது.

ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. பனி உருகி வந்த தண்ணீர். கடந்துகொண்டிருக்கும்போது, பண்ணைக்காரர் ஓட்டிவந்த மந்தையிலிருந்து ஒரு கன்று மிரண்டு திரும்பியது. யாரும் சொல்லாமலே அவள் குதிரையைத் திருப்பி அதன் முன்னால் போய் நின்று, அதைக் கரைப்பக்கம் விரட்டினாள். கரையேறியதும் அழுதாள். துக்கமெல்லாம் இல்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பாரிசுக்குத் திரும்பியதும் லூர்துசாமி கடையில் "நாங்க ஆத்தைக் கடந்தோம்" என்று ஆரம்பித்தார். இலையுதிர்காலத்தில் "நாங்க" "நான்" ஆனது. குளிர் வருவதற்குள் கன்றை மறித்தவரும் அவரே. ஆனால் கதையில் ஒரு ஓட்டை இருந்தது. அவர் குதிரைமேல் என்றால் கூட வந்த பெண்டாட்டி எங்கே? அதற்கும் வழி கண்டுபிடித்தார். "இவ பயந்துக்கினு சாப்பாட்டு வண்டியிலயே வந்தா. உருளைக்கெழங்கு உரிச்சிக்கினு" என்றார். அவளுடைய ஆற்றை எடுத்துக்கொண்டது பத்தாதென்று, தன் உருளைக்கிழங்குகளை அவள் மடியில் கொட்டினார்.

அப்போதும் ரோசாலி "ஆமாங்க" என்றாள். இந்த ஆளிடம் மல்லுக்கு நிற்பதா என்ற அதே இளக்காரம்.

பிறகு ஒருநாள் துணி அறையில், விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்டாள். "கனடா. என் வீட்டுக்காரர் குதிரையில போனார், நான் வண்டியில..." என்று ரோசாலி சொல்லிக்கொண்டே போய் டக்கென்று நின்றாள். வீட்டுக்கு வந்து அந்த ஆற்றை நினைத்துப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பதிலாக அவர் குரல்தான் கேட்டது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவளுக்கென்று, அவளுக்கு மட்டும் என்று, இருந்தது அந்தப் பயணம் ஒன்றுதான். அதை அவர் பேசிப் பேசியே அழித்துக்கொண்டிருந்தார். அவள் "ஆமாங்க" சொல்லிச் சொல்லி உதவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் புளி வாங்கத் தனியாகப் போனாள். கடையில் இந்திராதேவி மட்டும் இருந்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ" என்றாள் இந்திராதேவி. "ஐயா கனடாவிலை குதிரை ஓடினவரெண்டு சொல்லேக்கை எல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் கிடக்கு."

"ஏம்மா? அதுல என்ன சிரிப்பு?"

"எங்கடை ஊரிலை குதிரை ஓடுறதெண்டா வேறை விசயம். ஒருத்தற்றை சோதினையை இன்னொருத்தர் கள்ளமாப் போய் எழுதுறது. எழுதிறது ஒருத்தர், பாஸ் பண்ணுறது மற்றவர். விளங்குதே?"

ரோசாலிக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"அப்படின்னா குதிரை ஓடினது நான்தாம்மா" என்றாள். "பாஸ் பண்ணது அவரு."

முழுக் கதையையும் அன்றுதான் முதல்முறையாக ஒருத்தியிடம் சொன்னாள். வெள்ளைக் குதிரை புல்லுக்குக் குனிந்த இடத்தில் இந்திராதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப ஏன் அக்கா பேசாமல் நிண்டனீங்கள்? நீங்கள் ஓமெண்டு சொல்லுறபடியால்தானே நாங்கள் நம்பினது."

இவரோடு போய்ப் பேசுவதா என்று இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்ததைப் அவருக்குப் பெரிய தண்டனை என்று ரோசாலி நினைத்திருந்தாள். அது அவருக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது! தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. லூர்துசாமி வழக்கமான இடத்தில், வழக்கமான காலை முன்னே வைத்து, ஆற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தார்.

"தண்ணி குதிரை கழுத்து வரைக்கும்! இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா நானும் இல்ல, குதிரையும் இல்ல. இல்ல ரோசாலி?"

"இல்லங்க" என்றாள் ரோசாலி.

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவள் மறுபடி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "கழுத்து வரைக்கும் இல்லங்க. வயித்து வரைக்கும்தான். என் பூட்சுக்குள்ள தண்ணி ஏறிச்சு, அதனால எனக்குத் தெரியும். நீங்க பாலத்து வழியா வண்டியில வந்தீங்க."

லூர்துசாமி சிரித்தார். "பாத்தீங்களா? வண்டியில ஒக்காந்து கெழங்கு உரிச்சவ, ஆத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தரா!"

ரோசாலி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கமோ பதற்றமோ இல்லை. மனுஷன் உண்மையிலேயே நம்பிவிட்டிருந்தார். பொய் சொல்கிறவனையாவது பிடித்து உலுக்கலாம். இந்த ஆளுக்குள் உலுக்குவதற்குக்கூட யாரும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"ஐயா கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் இந்திராதேவி, தராசுத் தட்டைக் கையால் நிறுத்தி. "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. தண்ணிக்குள்ளை குதிரை பயப்பிடேல்லையே?"

"மொதல்ல மோந்து பாத்துச்சு" என்றாள் ரோசாலி. "நான் போடா ராசான்னேன். இறங்கிடுச்சு."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கல்லில் குளம்பு வழுக்கியது, கால் விரைத்துப்போனது, கன்றின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. சொல்லச் சொல்லத் தண்ணீர்ச் சத்தம் அவளுக்குத் திரும்பிக் கேட்டது. பில் போட நின்றவர்கள் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கன்று என்ன ஆனது என்று யாரோ கேட்டார்கள்.

லூர்துசாமி கையிலிருந்த இல்லாத கடிவாளத்தைக் கீழே விட்டார். தான் கீழே விழுந்ததை எப்படியும் இவள் சொல்லத்தான் போகிறாள் என்று, இடுப்புப் பிடித்த கதையை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு காத்து நின்றார். ஆறு போயிற்று, மேடுகள் போயின, வேலிக் கதவு போயிற்று, பண்ணைக்காரர் தொப்பியைத் தூக்கிக் காட்டியது வரைக்கும் அவள் சொல்லி முடித்துவிட்டாள். அந்தக் கதையில் லூர்துசாமி என்று ஒருவர் வரவே இல்லை.